பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பும் ஆய்வும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்லாயிரம் பேர் படிக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை வகுப்பில் சேரப்போகிறவர்களும், சேர்ந்து ஓரிரு பருவங்களைக் கடந்தவர்களும், அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விதிமுறைகள் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால், எங்கும் பொருந்தக்கூடிய நடைமுறைகளே பேசப்படுகின்றன. ஆய்வு பற்றிய கேள்விகள் அதிக இடம் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய பல்கலைக்கழகம் தரக்கூடிய மிகச் சிறந்த வாய்ப்பும் அதுதான்; மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமலே கடந்துபோகும் வாய்ப்பும் அதுதான்.

இவ்வளவு பெரிய வளாகத்தில் நான் தனித்துப் போய்விட மாட்டேனா?

முதல் சில வாரங்களில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருப்பது இயல்பு. மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்திலும் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்திலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். அங்கும் அவர்கள் நட்போடும் நெருக்கத்தோடும் வாழத்தான் செய்கிறார்கள், ஏனெனில் எவருடைய அன்றாடமும் மூன்று லட்சம் பேருக்கு நடுவில் நடப்பதில்லை. ஒரு செய்முறைக் குழு, விடுதியின் ஒரு தளம், ஒரு நாடகக் குழு, ஓர் ஆய்வகம் என்று இருபது முப்பது பேர் கொண்ட ஏதோ ஒரு வட்டத்துக்குள்தான் நடக்கிறது.

மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டின்டோ, 1975இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்தார். குடும்பப் பின்னணி, முன்பு பெற்ற மதிப்பெண் ஆகியவற்றோடு, நிறுவனத்தின் கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் மாணவர் எந்த அளவுக்கு ஒன்றிப்போகிறார் என்பதும் அவர் தொடர்ந்து படிப்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதே அது. ஆகவே முதல் மாதத்திலேயே ஒரு குழுவில் சேர்ந்துவிடுங்கள். அதோடு, உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கும் ஆசிரியர் ஒருவராவது முதல் பருவம் முடிவதற்குள் உருவாகியிருக்க வேண்டும் என்பதை ஒரு குறிக்கோளாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்க நேரும்போது இதன் அருமை தெரியும்.

சிறிய கல்லூரியில் கிடைக்காத எது இங்கே கிடைக்கிறது?

வகுப்பறைக் கற்பித்தலை மட்டும் ஒப்பிட்டால் நல்ல சிறிய கல்லூரி சில வேளைகளில் மேலாகவே இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய பல்கலைக்கழகத்தின் வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. பாடத்தை நடத்துகிறவர்களே அந்தத் துறையில் புதிய அறிவை உருவாக்குகிறவர்களாகவும் இருப்பதுதான் அது. வில்ஹெல்ம் வான் ஹும்போல்ட்டின் முயற்சியால் 1810இல் தொடங்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆய்வும் ஒன்றையொன்று பிரியக் கூடாது என்ற கொள்கையின் அடையாளமாகவே இன்றும் பேசப்படுகிறது. 1824இல் கீசன் பல்கலைக்கழகத்துக்கு வந்த யுஸ்டஸ் வான் லீபிக், மாணவர்கள் தங்கள் கைகளாலேயே பகுப்பாய்வு செய்து வேதியியலைக் கற்கும் ஆய்வகத்தை அங்கே வளர்த்தெடுத்தார். இன்று ஒவ்வொரு அறிவியல் துறையிலும் நாம் காணும் மாணவர் ஆய்வகத்துக்கு அது ஒரு முன்னோடி.

இன்னொன்று, துறைகளின் எண்ணிக்கை. புள்ளியியல் படிக்கும் மாணவி ஒருத்தி, நோய்ப் பரவலைப் பற்றிய தரவுகளை வைத்துக்கொண்டு திணறும் மருத்துவத் துறைக் குழுவுக்கு உதவப் போகலாம்; மொழியியல் மாணவர் கணினித் துறையின் பேச்சுணர்தல் ஆய்வில் சேரலாம். இத்தகைய சந்திப்புகள் ஒரே வளாகத்தில், நடந்து போகும் தொலைவில் நிகழ்கின்றன.

நூலகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் ஒவ்வொரு துறைக்கும் தனி நூலகர் இருப்பார். எந்தத் தரவுத்தளத்தில் எதைத் தேட வேண்டும், இங்கே இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து எப்படி வரவழைக்கலாம் என்று கற்றுத்தருவது அவருடைய பணிகளில் ஒன்று. அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்தால், பல நாட்கள் தனியாகத் தேடிச் சலிப்பதைத் தவிர்க்கலாம். மாணவர்கள் பயன்படுத்தாமல் விடும் உதவிகளில் இதற்கே முதலிடம் தருவேன்.

இளநிலை மாணவரால் உண்மையிலேயே ஆய்வுக்கு ஏதாவது பங்களிக்க முடியுமா?

முடியும், வரலாறு இதற்குச் சான்று தருகிறது. 1921ஆம் ஆண்டுக் கோடையில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பான்டிங் கணையச் சாற்றைப் பிரித்தெடுக்கும் சோதனைகளைத் தொடங்கியபோது, பேராசிரியர் ஜே. ஜே. ஆர். மக்லியாட் அவருக்கு உதவியாளராகத் தந்தது இளநிலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த 22 வயது சார்லஸ் பெஸ்ட்டை. இரத்தத்தில் சர்க்கரையின் அளவைக் கணக்கிடும் முறை பெஸ்ட்டுக்குக் கைவந்திருந்தது. அந்தத் திறன் இல்லாமல் சாறு வேலை செய்கிறதா என்பதையே அறிந்திருக்க முடியாது. 1922 ஜனவரியில் இன்சுலின் முதன்முதலாக ஒரு நீரிழிவு நோயாளிச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது; ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்தித் தந்த சாறு அதே மாதத்தில் அவனுக்கு நல்ல பலன் தந்தது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணினிப் பயன்பாட்டு மையத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்த இளநிலை மாணவர் மார்க் ஆண்ட்ரீசன், அங்கே பணியாற்றிய எரிக் பினாவோடு சேர்ந்து உருவாக்கிய மொசைக் உலாவி 1993இல் வெளிவந்தது. எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி, இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 21.

எல்லோரும் இன்சுலினையோ லினக்ஸையோ உருவாக்கப்போவதில்லை. ஆனாலும் இந்த மூன்று நிகழ்வுகளிலும் பொதுவாக உள்ள ஒன்றைக் கவனியுங்கள். மாணவரிடம் உருப்படியான ஒரு திறன் இருந்தது. பல்கலைக்கழகத்தில் கருவியோ கணினியோ கற்கும் சூழலோ இருந்தது. இரண்டும் சந்திப்பதற்கு முனைவர் பட்டம் முடியும்வரை காத்திருக்கத் தேவை ஏற்படவில்லை.

இந்தச் சந்திப்பைத் தற்செயலுக்கு விடக் கூடாது என்ற எண்ணத்தில்தான் இளநிலை ஆய்வுத் திட்டங்கள் பிறந்தன. தனியார் நிறுவனமான மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. பிறகு அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவும் தமக்கேற்ற வடிவில் அதை மேற்கொண்டன. ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் இளநிலை மாணவர்களை இரண்டாந்தரமாக நடத்துகின்றன என்று 1998இல் அமெரிக்காவில் பாயர் ஆணையத்தின் அறிக்கை கடுமையாகச் சாடியது. முதலாண்டிலிருந்தே தேடிக் கண்டறியும் கல்வி வேண்டும் என்பது அதன் பரிந்துரை. உங்கள் பல்கலைக்கழகத்தில் இத்தகைய திட்டம் இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால், நேரடியாகப் பேராசிரியரை அணுகுங்கள்.

எந்த ஆண்டில் தொடங்குவது நல்லது?

பெரும்பாலானோருக்கு இரண்டாம் ஆண்டின் தொடக்கம் பொருத்தமானது. அதற்குள் அடிப்படைப் பாடங்கள் ஓரளவு கைவசம் ஆகியிருக்கும். கற்றுக்கொண்டு பயன் தருவதற்குப் போதிய காலமும் மீதி இருக்கும். இறுதியாண்டில் கட்டாய ஆய்வேட்டுக்காக மட்டும் ஆய்வகத்துக்குள் நுழைகிறவர், கருவியைப் பழகி முடிப்பதற்குள் பட்டம் வாங்கி வெளியேறிவிடுகிறார். முதலாண்டில் துறைக் கருத்தரங்குகளுக்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்து கேட்டால் போதும். பாதி புரியாவிட்டாலும், துறையில் யார் எதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்ற வரைபடம் மனத்தில் பதியும்.

பேராசிரியரை எப்படி அணுகுவது? தொந்தரவு என்று நினைத்துவிட்டால்?

இந்தத் தயக்கம்தான் பலரைத் தடுக்கிறது, குறிப்பாகக் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்களை. பேராசிரியர்களோடு பேசிப் பழகிய வீட்டுப் பிள்ளைகள் எளிதாகக் கதவைத் தட்டுகிறார்கள். மற்றவர்கள் யாராவது அழைப்பார்கள் என்று காத்திருக்கிறார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் அந்த அழைப்பு பெரும்பாலும் வருவதில்லை. அதற்குத் திறமைக் குறைவு காரணம் ஆகாது. நூற்றுக்கணக்கானோர் உள்ள வகுப்பில் உங்கள் ஆர்வம் அவர் கண்ணில் பட வழியில்லை என்பதே காரணம். கேட்பது உங்கள் உரிமை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துறைப் பேராசிரியர்களின் ஆய்வுப் பக்கங்களைப் படித்து, உங்களை ஈர்க்கும் இருவரையோ மூவரையோ தேர்ந்தெடுங்கள். அவர்கள் அண்மையில் வெளியிட்ட கட்டுரை ஒன்றின் சுருக்கம், முன்னுரை, முடிவுரை ஆகிய மூன்றையாவது கவனமாகப் படியுங்கள். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் கட்டுரைகள் பல 1991இல் தொடங்கப்பட்ட ஆர்கைவ் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதன் பிறகு, பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மிகாத ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் யார், எந்த ஆண்டு, அந்தக் கட்டுரையில் எந்தப் பகுதி உங்களைச் சிந்திக்க வைத்தது, உங்களுக்கு என்ன தெரியும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்பவை அதில் இருந்தால் போதும். சந்திக்க பதினைந்து நிமிடம் கேளுங்கள். உடனடியாக இடம் கேட்க வேண்டாம்.

ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவதால் பயனில்லை. அத்தகைய கடிதங்களைப் பேராசிரியர்கள் முதல் வரியிலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள். எழுதியவர் மீது இருக்கக்கூடிய நல்லெண்ணமும் அதோடு போய்விடும். மின்னஞ்சலைவிட நேரில் போவது பெரும்பாலும் நன்றாகவே பயன் தருகிறது. மாணவர்களைச் சந்திக்கவென்று ஒதுக்கிய நேரத்தில் பல அறைகள் காலியாகத்தான் இருக்கின்றன.

கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. என்ன செய்வது?

பத்து நாட்கள் பொறுத்து, இரண்டே வரியில் பணிவாக நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அவருடைய ஆய்வகத்தில் இருக்கும் முனைவர் பட்ட ஆய்வாளரிடம் பேசிப் பாருங்கள். அன்றாடப் பயிற்சி தரப்போகிறவர் பெரும்பாலும் அவரே. உதவி தேவைப்படுகிறவரும் அவரே.

ஆய்வகத்தில் சேர்ந்ததும் எத்தகைய வேலை கொடுப்பார்கள்?

தொடக்கத்தில் சலிப்பூட்டும் வேலைகள்தாம் வரும். மாதிரிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது, தரவைச் சீர்செய்வது, ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பது, பழைய கட்டுரைகளைத் தொகுப்பது. இவற்றைத் தாழ்வாக நினைக்காதீர்கள். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தான் சேர்ந்து கட்டிய வானொலித் தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளத்துக்கு வந்த பதிவுத்தாளைக் கண்ணாலேயே ஆராய்ந்துவந்தார். அப்படிப் பார்க்கும்போதுதான் 1967இல் வழக்கத்துக்கு மாறான ஒரு சிறு குறியைக் கண்டார். அதுவே, சீரான இடைவெளியில் ரேடியோ அலைகளை அனுப்பும் துடிப்பு விண்மீன்களின் (பல்சர்) கண்டுபிடிப்பு. சலிப்பூட்டும் வேலையைக் கவனத்தோடு செய்தவருக்குத்தான் அந்தக் குறி தென்பட்டது.

ஆய்வுக் குறிப்பேட்டைத் தேதியிட்டு அன்றன்றே எழுதுங்கள். தோல்வியடைந்த சோதனையையும் எழுதுங்கள்; அடுத்து வருகிறவர் அதே வழியில் போய் ஒரு மாதத்தை இழக்காமல் அது காப்பாற்றும்.

பாதுகாப்பு விதிகளில் மட்டும் எவருக்காகவும் இறங்கிப்போகாதீர்கள். 2008 டிசம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் வேதிப்பொருளைக் கையாண்ட 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் தீக்காயமடைந்து, அடுத்த மாதமே உயிரிழந்தார். அப்போது அவர் பாதுகாப்பு மேலங்கி அணிந்திருக்கவில்லை. பயிற்சி பெறாத வேலையைச் செய்யச் சொன்னால், “எனக்கு இன்னும் பயிற்சி தரப்படவில்லை” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் மாணவரை நல்ல வழிகாட்டி மதிப்பார்.

நான் வரலாறு, இலக்கியம், சமூகவியல் படிக்கிறேன். எனக்கும் ஆய்வு வாய்ப்பு உண்டா?

உண்டு. உங்கள் ஆய்வகம் ஆவணக் காப்பகமும் கள ஊரும் நூலகத்தின் அரிய நூல் பிரிவும்தான். பட்டியலிடப்படாத கடிதக் கட்டுகள், எழுத்தாக்கம் செய்யப்படாத நேர்காணல் ஒலிப்பதிவுகள், கணினியில் ஏற்றப்படாத பழைய இதழ்கள் என்று ஆள் இல்லாமல் கிடக்கும் பணிகள் இத்துறைகளில் ஏராளம். இவற்றில் ஓராண்டு பழகிய மாணவர் எழுதும் ஆய்வேட்டுக்கும், பிறர் நூல்களிலிருந்து மட்டும் தொகுத்தெழுதும் ஆய்வேட்டுக்கும் உள்ள வேறுபாடு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மனிதர்களிடம் நேர்காணல் எடுப்பதானால், பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டியிருக்கும். மருத்துவ ஆய்வுக்கு 1964ஆம் ஆண்டின் ஹெல்சின்கி பிரகடனமும், மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்குப் பொதுவாக 1979ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கையும் வகுத்த அடிப்படைகள் இன்றும் வழிகாட்டுகின்றன. விவரமறிந்து தரும் ஒப்புதல், தீங்கிழைக்காமை, நியாயம் ஆகியவை அவற்றின் சாரம். ஒப்புதல் கிடைக்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை ஆகலாம் என்பதால், விடுமுறையில் களப்பணி செய்ய நினைப்பவர்கள் பருவத்தின் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் இடம்பெறுமா?

பங்களிப்பைப் பொறுத்தது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்துள்ள வரையறையைப் பல இதழ்கள் பின்பற்றுகின்றன. அதன்படி, ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ அதன் விளக்கத்திலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் பொருந்துகிறவரே ஆசிரியர். மற்ற உதவிகள் நன்றியுரையில் இடம்பெறும். வேலையைத் தொடங்கும்போதே, “இந்தப் பணி கட்டுரையானால் என் பங்கு எப்படிக் குறிப்பிடப்படும்?” என்று கேட்டு வையுங்கள். முடிந்த பிறகு கேட்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

முன்பு குறிப்பிட்ட ஜோசலின் பெல், 1968இல் வெளியான கட்டுரையில் இரண்டாவது ஆசிரியராக இடம்பெற்றார்; 1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்றது அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷ். மாணவருக்குரிய மதிப்பு பற்றிய விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. 2018இல் தமக்குக் கிடைத்த முப்பது லட்சம் டாலர் சிறப்புப் பரிசு முழுவதையும், ஆய்வுத் துறையில் போதிய இடம் பெறாத பிரிவினரைச் சேர்ந்த ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்காக அவர் வழங்கிவிட்டார்.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவதாகக் கடிதம் எழுதும் இதழ்களிடமிருந்து விலகியே இருங்கள். அதில் வரும் கட்டுரை பின்னாளில் உங்கள் பெயருக்குச் சுமையாகத்தான் இருக்கும்.

செலவுக்கு வழியில்லாமல் எப்படி ஆய்வில் ஈடுபடுவது?

நியாயமான கேள்வி. ஊதியமில்லாத ஆய்வுப் பணி, வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும் கதவாக மாறிவிடுகிறது. பல்கலைக்கழகங்கள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதுவரை மூன்று வழிகளைப் பாருங்கள். சில பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பணியைப் பாட மதிப்பலகாக (கிரெடிட்) கணக்கிட்டுக்கொள்ளலாம். அப்போது அது கூடுதல் சுமையாகாமல் படிப்பின் பகுதியாகிவிடும். பேராசிரியரின் திட்ட நிதியிலிருந்து மணிக்கணக்கில் ஊதியம் தரும் உதவியாளர் பணிகளும் உண்டு. மூன்றாவது, உதவித்தொகையோடு வரும் கோடைக்காலத் திட்டங்கள். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையம் பல நாட்டு மாணவர்களையும் கோடைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் படிக்க உதவுகிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இளநிலை ஆய்வுத் திட்டமோ அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் உரியது. தகுதி விதிகளை முதலில் படித்துவிட்டு விண்ணப்பத்தில் இறங்குங்கள். கோடைத் திட்டங்கள் பலவற்றுக்குக் கடைசி நாள் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும்.

படிப்பு, ஆய்வு, மன்றங்கள் எல்லாவற்றுக்கும் நேரம் போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பிய மதிப்பலகு முறையில் முழுநேரப் படிப்பின் ஓராண்டுக்கு 60 அலகுகள்; ஓர் அலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம், அதாவது நாற்பது வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 37 முதல் 45 மணி நேரம். இதற்கு மேல் எட்டு மணி நேர ஆய்வும் ஒரு மன்றமும் தாங்கும். நான்கு மன்றங்கள் தாங்காது. ஒன்றில் ஆழமாக இருந்து பொறுப்பேற்று நடத்திய அனுபவம், பத்தில் பெயர் கொடுத்ததைவிட உங்களை அதிகம் வளர்க்கும்.

விடுதி வாழ்க்கை பற்றி?

முதலாண்டிலாவது விடுதியில் இருக்க முடிந்தால் இருங்கள். வேறு துறை, வேறு மொழி, வேறு பின்னணி கொண்டவரோடு அறையைப் பகிர்வது எந்தப் பாடத்திட்டமும் தராத கல்வி. ராகிங் என்ற பெயரில் எது நடந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

வழிகாட்டி கடுமையாக நடந்துகொள்கிறார், அல்லது மனம் சோர்ந்துவிட்டது. யாரிடம் போவது?

உழைப்பைக் கேட்பதும் இழிவுபடுத்துவதும் வேறு வேறு. இரண்டாவது நடந்தால், தேதி, இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு, துறைத் தலைவரிடமோ மாணவர் நலப் பொறுப்பாளரிடமோ குறைதீர்ப்புக் குழுவிடமோ செல்லுங்கள். ஆய்வகத்துக்கு வெளியே ஓர் ஆசிரியரின் பழக்கம் இருக்கட்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகவும்தான். உறக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வகுப்புக்குப் போகவே மனமில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வளாக மனநல ஆலோசகரைச் சந்தியுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும், அன்றே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். நண்பர், விடுதிக் காப்பாளர், மருத்துவர் என யாராக இருந்தாலும் சரி.

ஒரு பருவம் செய்து பார்த்தேன். ஆய்வு எனக்குப் பிடிக்கவில்லை. விலகலாமா?

தாராளமாக விலகலாம். முனைவர் பட்டத்துக்குள் நுழைந்து சில ஆண்டுகளை இழந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துகொண்டது ஆதாயம். விலகுவதற்கு முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: பிடிக்காதது ஆய்வா, அந்தத் தலைப்பா, அந்தக் குழுவா? பின்னிரண்டில் ஒன்றென்றால் வேறொரு குழுவில் இன்னொரு பருவம் முயலலாம். எப்படியிருந்தாலும் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லிவிட்டு, குறிப்பேட்டையும் தரவுக் கோப்புகளையும் எது எங்கே இருக்கிறது என்ற விளக்கத்தோடு ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.